டிஎம்ஐ அளக்க குமிழ் முறையா, பிஎல்எஸ்ஸா?

பிளாட்டினம் மேல ஒரு நானோமீட்டருக்கும் கம்மியா கோபால்ட், அதுக்கு மேல அலுமினியம் ஆக்சைடு, இப்படி ஒரு ஃபிலிம் கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்கறது இதுல டிஎம்ஐ (ஸியாலோஷின்ஸ்கி-மோரியா இன்டராக்ஷன்) எவ்ளோன்னுதான். பக்கத்து பக்கத்து ஸ்பின்ன (அணுவோட குட்டி காந்தத்த) ஒண்ணுக்கொண்ணு சாய வச்சு, அதுவும் ஒரே சுழற்சியில மட்டும் சாய வைக்கற இன்டராக்ஷன் இது. 1958ல ஸியாலோஷின்ஸ்கி சிமெட்ரிய வச்சு சொன்னத, ஸ்பின்-ஆர்பிட்லேர்ந்துதான் (எலக்ட்ரானோட ஸ்பின்னும் அதோட சுற்றுப்பாதை இயக்கமும் பிணையறது) வருதுன்னு 1960ல மோரியா காட்டினாரு. டிஎம்ஐ தேவையான அளவு இருந்தா டொமைன் வால், அதாவது காந்தம் மேல பாக்கற பகுதிக்கும் (டொமைனுக்கும்) கீழ பாக்கற பகுதிக்கும் நடுவுல இருக்கற எல்லை, ப்ளாக் வகையிலேர்ந்து (நடுவுல ஸ்பின் எல்லையோட நீளவாக்குல நிக்கறது) நேல் வகைக்கு (எல்லைக்கு குறுக்க நிக்கறது) மாறிடும், எல்லா வாலும் ஒரே கைராலிட்டியோட (ஒரே சுழற்சித் திசையோட) நிக்கும், கரன்ட் விட்டா எல்லாம் ஒரே பக்கமா ஓடும். அதனாலதான் இந்த ஒரு எண்ணுக்கு இவ்ளோ மெனக்கெடறோம்.

குமிழ் முறை பாக்கவே அழகு. கெர் மைக்ரோஸ்கோப்புல (காந்தத் திசைய ஒளிய வச்சு காட்டறது) ஃபிலிம வச்சு செங்குத்தா ஒரு ஃபீல்ட் பல்ஸ் குடுத்தா வட்டமா ஒரு டொமைன் பெருகும், கூடவே பக்கவாட்டுலயும் ஒரு ஃபீல்ட் வச்சிட்டு அதே பல்ஸ குடுத்தா ஒரு பக்கம் மட்டும் முட்டை மாதிரி நீளும், பக்கவாட்டு ஃபீல்ட திருப்பினா எதிர்ப்பக்கம் நீளும். ஒரு பக்கத்து வாலோட வேகம் எந்த பக்கவாட்டு ஃபீல்டுல ரொம்ப குறையுதோ, அந்த ஃபீல்ட் வாலுக்குள்ள இருக்கற டிஎம்ஐ ஃபீல்ட சரியா ஈடுகட்டுதுன்னு அர்த்தம். 2013ல பிளாட்டினம்/கோபால்ட்/பிளாட்டினம் ஃபிலிம்ல இத செஞ்சு காட்டினாங்க.

இப்ப சிக்கலுக்கு வரேன். அந்த ஃபீல்டலேர்ந்து டிஎம்ஐ எண்ணுக்கு போக வால் அகலம் வேணும், அதுக்கு எக்ஸ்சேஞ்ச் ஸ்டிஃப்னஸ் (பக்கத்து ஸ்பின்கள ஒரே பக்கமா நிக்க வைக்கற பலம்) வேணும், இவ்ளோ மெல்லிய ஃபிலிம்ல அத யாரும் நேரா அளக்கறதில்ல, ஒரு மதிப்ப எடுத்து போட்டுடறாங்க. மீட்டருக்கு 10 பிகோஜூல்னு போடறதுக்கு பதிலா 20ன்னு போட்டா விடை 40 சதவீதம் ஏறிடும். இன்னொண்ணு, பல்ஸ் சின்னதா இருந்தா வால் நகர்றது க்ரீப்ல (மாட்டி மாட்டி மெதுவா ஊர்ற நிலை), அங்க செங்குத்து ஃபீல்ட் துளி மாறினாலும் வேகம் எங்கயோ போயிடும். ஒரு தடவை எங்க பக்கவாட்டு காந்தம் 1 டிகிரி சாஞ்சிருந்தது. 100 மில்லிடெஸ்லால அது செங்குத்தா 1.7 மில்லிடெஸ்லாவ கசிய விடும், கர்வ் மொத்தமும் நகர்ந்து போச்சு. குமிழோட மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாத்துதான் கண்டுபிடிச்சோம், ஃபீல்ட திருப்பினாலும் அந்த ரெண்டும் முன்ன மாதிரியே அதே வேகத்துல நகரணும், நகரலைன்னா காந்தத்த மறுபடி சரிபண்ணாம எந்த எண்ணையும் எழுதாதீங்க.

பிஎல்எஸ், அதாவது பிரில்லுவன் லைட் ஸ்கேட்டரிங், வாலையே தொடறதில்ல. ஃபிலிமோட மேக்னடைசேஷன (காந்தமாக்கத்த) பக்கவாட்டு ஃபீல்டால படுக்க வச்சு பச்சை லேசர அடிச்சா, இந்தப் பக்கம் போற ஸ்பின் வேவுக்கும் (ஸ்பின்கள் வழியா ஓடற அலைக்கும்) அந்தப் பக்கம் போறதுக்கும் ஃப்ரீக்வென்ஸி வேறயா வரும். சதுர மீட்டருக்கு 1 மில்லிஜூல் டிஎம்ஐ, மீட்டருக்கு 11 லட்சம் ஆம்பியர் மேக்னடைசேஷன்னு வச்சா, 532 நானோமீட்டர் லேசர் 45 டிகிரில விழும்போது வித்தியாசம் சுமார் 1.7 ஜிகாஹெர்ட்ஸ், கண்ணுக்கு நல்லாவே தெரியும். கணக்குக்கு மேக்னடைசேஷன் மட்டும் போதும், எக்ஸ்சேஞ்ச் தேவையே இல்ல, எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. லேசர் கோணத்த மாத்திக்கிட்டே போனா புள்ளிகள் பூஜ்யம் வழியா போற நேர்கோட்டுல விழணும், ஃபீல்ட திருப்பினா குறி மாறணும், ஆக அளவீடு தன்னத்தானே சோதிச்சுக்குது.

அதனால டிஎம்ஐ பலமா இருக்கற ஃபிலிமுக்கு நான் யோசிக்காம பிஎல்எஸ்தான் சொல்வேன். ஆனா 0.05 மில்லிஜூல் மாதிரி சின்னதா இருந்தா அதே கணக்குல வித்தியாசம் 85 மெகாஹெர்ட்ஸ்தான், பீக்கோட அகலத்துக்குள்ளயே காணாம போயிடும். குமிழ்ல அதுவே 9 மில்லிடெஸ்லா, வால் அகலம் 5 நானோமீட்டர்னு வச்சா, காந்தம் நேரா நின்னா படிச்சிடலாம். செங்குத்து அனிசோட்ரபி (காந்தத்த செங்குத்தா நிக்க வைக்கற போக்கு) ரொம்ப பலமா இருக்கற ஃபிலிமும் அப்படித்தான், படுக்க வைக்கவே பெரிய ஃபீல்ட் வேணும்.

ஒரே ஃபிலிம்ல ரெண்டு முறையும் ரெண்டு எண் குடுக்கறது சகஜம், அப்ப ரெண்டையும் கூட்டி சராசரி எடுக்கறத பாத்திருக்கேன், அது தப்பு. பிஎல்எஸ் லேசர் விழற இடம் முழுக்க சராசரி எடுக்குது, க்ரீப்ல போற வால் பின்னிங் (ஃபிலிம்ல இருக்கற குறைகள் வால பிடிச்சு வைக்கறது) இருக்கற இடத்துல மாட்டி மாட்டி நகருது, ரெண்டும் பாக்கறதே வேற. கரன்ட்ல வால் எப்படி ஓடும்னுதான் உங்க கேள்வின்னா வால் சொல்றதையும் கேக்கணும், அதுக்கு க்ரீப்ப விட்டுட்டு சில பத்து நானோசெகண்ட் பல்ஸுல பெரிய ஃபீல்ட அடிச்சு ஃப்ளோ ரெஜிமுக்கு (வால் தடையில்லாம ஓடற நிலைக்கு) கொண்டு போங்க, பின்னிங் குறுக்க வராது, வேகம் குறையற இடம் தெளிவா தெரியும். எக்ஸ்சேஞ்ச் மதிப்ப வெளியிலேர்ந்து போட வேண்டியது மட்டும் அப்பவும் விடாது.