மெட்டி கிடைக்கவில்லை: கடற்கரையில் மெட்டல் டிடெக்டருடன் நாலு கோடை

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வட கரோலைனாவில், சார்லட் பக்கம். ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாரம் மிர்ட்டில் பீச். காரில் நாலு மணி நேரம், கடல் தெரிகிற அறை, முதல் நாளுக்கு ஒரு டப்பா புளியோதரை. 2021-ல் அந்த மூட்டைகளோடு ஒரு மெட்டல் டிடெக்டரும் ஏறிக்கொண்டது. மகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அவளுக்கு அப்போது ஆறு வயது, அந்தக் கம்பு அவளைவிட உயரம்.

முதலில் வாங்கியது நூறு டாலருக்குள் கிடைத்த சாதாரண ரகம். காய்ந்த மணலில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஈர மணலில் கால் வைத்ததும் அலற ஆரம்பித்தது. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒரே அலைவரிசையில் வேலை செய்கிற மலிவு டிடெக்டருக்கு ஈர மணல் முழுக்க உலோகம் மாதிரிதான் கேட்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும், கூடவே ஆழமும் போய்விடும். வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். கடலுக்கு என்றால், ஒரே நேரத்தில் பல அலைவரிசை அனுப்புகிற ரகத்தைத் தவிர வேறு எதற்கும் காசு போடாதீர்கள்.

அடுத்த வருடம் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600 வாங்கினேன். அறுநூறு சொச்சம் டாலர். வீட்டில் அந்தத் தொகையைச் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. இப்போது கடைகளில் இருப்பது இதற்கு அடுத்து வந்த 700, 900. என்னுடையது 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், எடை 1.3 கிலோ சொச்சம், ஒரு தடவை சார்ஜ் செய்தால் 12 மணி நேரம் வரும். 1.3 கிலோ என்பது கேட்க லேசாக இருக்கும், இரண்டு மணி நேரம் வீசிய பிறகு தோள்பட்டை வேறு கணக்கு சொல்லும். இதில் கடற்கரைக்கென்று இரண்டு மோடு உண்டு. ஈர மணலுக்கு முதலாவது, அலைக்குள் இறங்கினால் இரண்டாவது. ஈர மணலில் அந்தப் பழைய அலறல் இல்லாமல் நடந்த முதல் காலை இன்னும் நினைவிருக்கிறது. ஹெட்போனில் அமைதி, திடீரென்று ஒரு 'டொய்ங்'.

கீழே என்ன உலோகம் இருக்கலாம் என்பதற்கு மெஷின் திரையில் ஒரு எண் காட்டும், அதை வைத்துத்தான் தோண்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்து சென்ட் நிக்கல் காசு 12, 13 காட்டும். சோடா கேனில் இழுத்துத் திறக்கிற வளையமும் கிட்டத்தட்ட அங்கேதான். மெல்லிய தங்க மோதிரமும் அந்தப் பக்கம்தான். ஆக, தங்கம் வேண்டும் என்றால் வளையங்களை எல்லாம் தோண்டியே தீர வேண்டும். நாலு கோடையில் நான் எடுத்த வளையங்கள் ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில் நிறைய இருக்கின்றன. காசாகச் சேர்ந்தது அறுபது டாலர் இருக்கும். அதிலும் 1982-க்குப் பிறகு அடித்த ஒரு சென்ட் காசுகள் உள்ளே துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு மட்டும். உப்பு அரித்து, எலி கடித்த பிஸ்கட் மாதிரி வரும். தங்கம் ஒன்றே ஒன்று, உள்ளே 14 காரட் முத்திரை போட்ட ஒரு மெல்லிய மோதிரம். விடுதி வரவேற்பறையில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன், இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மெஷினைவிடப் பெரிய சிக்கல் நேரம். நல்ல வேட்டை, தண்ணீர் முழுக்க உள்வாங்கும்போதுதான். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஞாயிறு காலை 5.30 என்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை, எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை அது 9.40 ஆகிவிடும், அப்போது இட்லி தட்டோடு ஒருத்தி பால்கனியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்க்கிற ஆளாக நான் மாறிவிட்டேன்.

எல்லாக் கடற்கரையிலும் இறங்கிவிட முடியாது. கேப் ஹாட்டரஸ் மாதிரி தேசியப் பூங்காத் துறையின் கீழ் இருக்கும் இடங்களில் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மாநிலப் பூங்கா என்றால் முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். தோண்டிய குழியைக் கட்டாயம் மூட வேண்டும். கோடையில் கடலாமைகள் முட்டையிட ஏறி வருகிற கரை அது. "மெரினாவுக்கு எடுத்துட்டு வாடா" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். இந்தியாவில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் அரசிடம் சொல்ல வேண்டும் என்றேன். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, மெட்டிக்கு வருகிறேன். 2023, மூன்றாவது நாள் மாலை. குளித்துவிட்டு வந்த மனைவி, "ஏங்க, ஒரு கால் மெட்டியைக் காணோம்" என்றாள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், சன்ஸ்கிரீன் வழுக்கும், நழுவியிருக்கும். எங்கே நின்றாள் என்பது சுமாராகத் தெரியும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அறுநூறு டாலருக்கு நியாயம் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? மணலில் காலால் கோடு கிழித்து, கட்டம் கட்டமாக மூன்று காலை தேடினேன். ஒன்பது கேன் வளையம், இரண்டு நிக்கல், ஒரு கொண்டை ஊசி. மெட்டி இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் மனசு கேட்கவில்லை. மகளின் மணல் தொட்டியில், மீதமிருந்த இன்னொரு மெட்டியைப் புதைத்துப் பார்த்தேன். என் கல்யாண மோதிரம் ஏழு அங்குலத்தில் கணீரென்று கேட்டது. மெட்டி மூன்று அங்குலத்திலேயே முனகியது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம் மெட்டியின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. டிடெக்டர் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும், அந்த ஓட்டம் திருப்பி அனுப்புவதுதான் காதில் விழுகிற சத்தம். முழு வட்டமாக இருந்தால் ஓட்டம் சுற்றி வரும். மெட்டியோ, விரலுக்குத் தகுந்தபடி நெளிக்க வசதியாக வாய் திறந்திருக்கிறது. குறடால் இரண்டு முனையையும் நெருக்கி முட்டவைத்தேன், சத்தம் உடனே தெளிந்தது. மெல்லிய தங்கச் சங்கிலியும் இதே மாதிரிதான், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன வளையம். சங்கிலி தொலைந்தது என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால் முதலிலேயே கையை விரித்துவிடுங்கள்.

பராமரிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், கம்பின் அடியில் இருக்கும் வட்டத் தட்டின் (coil) மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலைக் கொட்டுங்கள், மணலை அள்ளிச் சலிக்கிற சல்லடை ஸ்கூப்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். என் பிளாஸ்டிக் ஸ்கூப் இரண்டாம் நாளே விரிந்துவிட்டது.

அந்த டிசம்பரில் சென்னைக்குப் போனபோது தி. நகரில் புது மெட்டி வாங்கினோம். வாயைச் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுக்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கால் வீங்கினா வெட்டித்தான் சார் எடுக்கணும்" என்றார். "நீங்க அப்படியே குடுங்கண்ணா, அவர் கடல்ல தேடுற ஆளு" என்றாள் மனைவி.