காயல் வேன் சுற்றுலா: வண்டி நன்று, கதைதான் இடம் மாறுகிறது

பாளையங்கோட்டையில் காலையில் ஏறினால் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் மூன்றையும் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பலாம். வண்டியிலும் மதியச் சாப்பாட்டிலும் குறை இல்லை. குறையெல்லாம் வழிகாட்டியின் பேச்சில். பழையகாயலில் அன்று இருந்த துறைமுகத்தைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டு வெனிஸ் பயணி மார்க்கோ போலோ சொன்னதில் மெய்யானதைக் கேலி செய்கிறார். கட்டுக்கதைக்குச் சத்தியம் செய்கிறார்.

கொற்கைக் குளத்தங்கரையில் நிறுத்தி, பள்ளத்தாக்கில் இறைச்சியை எறிவார்களாம், அதில் வைரம் ஒட்டுமாம், கழுகு தூக்கி வருமாம் என்று நீட்டி முழக்குகிறார். அது நம் பக்கத்துக் கதையே இல்லை. போலோ அதை ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளிக்குச் சொன்னார். சிந்துபாத் கதையிலும் அதே கழுகுதான். போலோ சொன்ன நாய்த்தலை மனிதர் கதையோ அந்தமானைப் பற்றியது. 1298-இல் ஜெனோவா சிறையில் போலோ சொல்லச் சொல்ல எழுதிய ரஸ்டிச்செல்லோ, வீரசாகசக் கதை எழுதிப் பழகியவர். அந்த வாசனை அடிக்காமல் இருக்குமா?

முத்துக்குளிப்பவரைக் கடிக்காதபடி சுறாவை மந்திரத்தால் கட்டும் மந்திரக்காரர் பேச்சு வந்தால் வேனே சிரிக்கிறது. ஆனால் அதுதான் மெய். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு என்கிறார் போலோ. ராத்திரியானால் அந்த மந்திரக்கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இல்லையென்றால் திருடன் முங்கிவிடுவானே! வெள்ளைக்காரர் காலத்து முத்துக்குளிப்பிலும் கடற்கட்டிகள் என்ற இந்த மந்திரக்காரர்களுக்கு வேலை இருந்தது.

இங்கே கப்பலில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளின் தீனியும் அப்படித்தான். சோற்றோடு இறைச்சி வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபோ வறுத்த பார்லி, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பால் என்கிறார். பண்டம் வேறானாலும், அரபுக் குதிரைக்கு ஆகாத தீனி என்பது இரண்டிலும் தெரிகிறது. பாண்டிய அரசர்கள் வருஷாவருஷம் புதுக் குதிரை வாங்கவேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குதிரை வைத்தியரை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லை என்றும் போலோ சேர்த்துக்கொள்கிறார். வழிகாட்டி இதைத் தொடுவதே இல்லை.

பழையகாயலில் பார்க்க உப்பளமும் வெயிலும்தான். தாமிரபரணி வண்டல் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. கால்டுவெல் இங்கே சீன மட்பாண்டத் துண்டுகளை எடுத்ததைக்கூடச் சொல்லாமல் பத்து நிமிஷத்தில் கிளப்பிவிடுகிறார்கள். வரைபடம் தருவதில்லை, போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துறைமுகம் எங்கே இருந்தது என்றே பிடிபடாது. குடை அவசியம். பழையகாயலை முதலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உச்சிவெயிலில் நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. நாலு பேர் சேர்ந்தால் தனிக் கார் பிடித்துப் போவதே மேல்.