0402 எல்இடி: வெளிச்சத்தில் குறையில்லை, கம்பியில்தான் கோளாறு

மாதிரி ரயில் எஞ்சினுக்குள் பொருத்துவதற்காகக் கம்பியோடு சேர்த்தே விற்கப்படும் 0402 (இது விளக்கின் அளவைக் குறிக்கும் எண்) எல்இடி விளக்குகளை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். பல ஆண்டுகளாக இவற்றைப் பயன்படுத்திவருகிறேன். நேற்றும் ஓர் எஞ்சினின் முகப்பு விளக்கைப் பிரித்துச் சரிசெய்திருக்கிறேன்.

ஒரு மி.மீ. நீளமும் அரை மி.மீ. அகலமும் கொண்ட இந்த விளக்கு, 1:87 அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) எஞ்சினின் முகப்புக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. பழைய பல்பைப் போலச் சூடேறி பிளாஸ்டிக்கை இளக்கிவிடுமோ என்ற பயமில்லை. 12 வோல்ட்டுக்கு 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 9 மில்லியாம்பியர் பாய்ந்து கண் கூசும். நான் 4,700 ஓம் போடுகிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால், அதற்கு முன்னால் தண்டவாளத்தின் இரு விளிம்புகளும் கோடுகளாக மின்னிக்கொண்டே நகரும் காட்சி இன்றுவரை எனக்கு அலுக்கவில்லை. எஞ்சினின் மேலுடலான பிளாஸ்டிக் கூட்டின் உட்புறத்தில் கறுப்புப் பெயின்ட் அடிக்காவிட்டால் பிளாஸ்டிக் முழுவதுமே ஒளிரும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது கம்பியை. விளக்கு கூட்டோடு ஒட்டியிருக்கிறது, எஞ்சினையும் விளக்கையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான டீகோடரோ அடிச்சட்டத்தில் இருக்கிறது. ஆகவே பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விடக் கூட்டைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முடியளவே பருமனுள்ள எனாமல் கம்பி ஒரே இடத்தில் மடங்குகிறது. அறுந்த முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும்: ஈயப் பற்று முடிகிற விளிம்பில், பற்றவைத்த சூட்டில் எனாமல் கருகிச் செம்பு வெறுமையாக நிற்கிறது, ஒவ்வொரு முறையும் அங்கேதான் ஒடிகிறது. மீண்டும் பற்றவைக்கலாம் என்றால், சூட்டுக்கோல் ஒரு நொடி கூடுதலாகத் தங்கினாலும் விளக்கின் உலோக முனையே பெயர்ந்து வந்துவிடுகிறது. கம்பி தடிமனாக இருந்தால் குழிக்குள் நுழையாது, அதன் விறைப்பே விளக்கைப் பிய்த்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இணைப்பின் மேல் ஒரு சொட்டுப் பசை வைத்து விற்பதற்கு என்ன தடை?

அந்த வேலையை இப்போது நானே செய்கிறேன். உலர்ந்ததும் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசையால் கம்பியின் முதல் அரை சென்டிமீட்டரைக் கூட்டின் உட்சுவரோடு ஒட்டிவிடுகிறேன். (சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி முகப்புக் கண்ணாடியை வெளிறச் செய்துவிடும்.) கூட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே கழற்றி மாட்டும் சிறு இணைப்பான் ஒன்றையும் வைக்கிறேன். இப்படிச் செய்த எஞ்சின்களில் எதுவும் இதுவரை அறுந்ததில்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அவருடைய எஞ்சின்கள் 1:87 அளவு என்பதால் 1.6 மி.மீ. நீளமுள்ள 0603 பெரும்பாலும் போதும். அதன் முனைகள் பெரியவை, அறுந்தாலும் மறுபடி பற்றவைக்க முடியும். 0402-ஐ 1:160 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். அவர்களுக்கு வேறு வழியில்லை.