பொள்ளாச்சி நார்த்தூள் பெட்டிக்குக் கொச்சியா, தூத்துக்குடியா?

கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தேங்காய் நார்த்தூள் களம் வைத்திருப்பவர்களுக்குக் கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் துறைமுகம் 160 கிலோமீட்டர் போல வரும். தூத்துக்குடி அதில் இரண்டு பங்கு. யாரைக் கேட்டாலும் கொச்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் நார்த்தூளை அழுத்திச் செய்யும் எங்கள் கட்டிகளில் பெரும்பகுதி தூத்துக்குடி வழியாகத்தான் போகிறது.

லாரி வாடகை கொச்சிக்குக் குறைவு, அதில் சந்தேகமே இல்லை. சாலையைப் பொறுத்தவரை, ஒட்டன்சத்திரம், மதுரை வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வண்டி தூத்துக்குடி போய்விடும். கொச்சிப் பக்கம் குதிரான் சுரங்கம் திறந்த பிறகு எவ்வளவோ தேவலை. ஆனாலும் பாலம் வேலை, ஹர்த்தால் என்று ஏதாவது ஒன்று வண்டியை நிறுத்திவிடும். சுங்கப் பேப்பர், தாவர நலச் சான்றிதழ் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

என்னைத் தூத்துக்குடிப் பக்கம் இழுத்தது காலிப் பெட்டி, அதாவது காலிக் கன்டெய்னர். நார்த்தூள் மலிவான சரக்கு. நாற்பதடி ஹைகியூபில் (உயரம் கூடிய பெட்டி) 24, 25 டன் அடைத்தாலும், கப்பல் வாடகை ஏறும்போது உள்ளே இருக்கும் சரக்கின் விலையையே அது தொட்டுவிடும். அதனால் பெட்டித் தட்டுப்பாடு வந்தால் கப்பல் கம்பெனிக்காரர்கள் முதலில் கழற்றிவிடுவது எங்களைத்தான். 2020 கடைசியில் தொடங்கி 2021 முழுக்க அதுதான் நடந்தது. பெட்டிகள் அமெரிக்க, ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கின. மீண்டு வந்ததைச் சீனா கூடுதல் வாடகை கொடுத்து இழுத்துக்கொண்டது. நடுவில் 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. ஹாலந்து ஆர்டர் கையில் இருக்கும், கட்டியும் தயார், பெட்டி மட்டும் வராது. கட்டியோ கிடக்கக் கிடக்க ஈரம் இழுக்கும், ஓரம் உதிரும்.

காலிப் பெட்டி என்பது இறக்குமதிச் சரக்கு வந்து இறங்கினால்தான் உண்டு. தூத்துக்குடிக்குத் தடிமரம், கழிவுக் காகிதம், முந்திரிக்கொட்டை எல்லாம் பெட்டியில் வருகிறது. கொச்சியிலும் இறங்குகிறதுதான். ஆனால் அங்கே ஆலப்புழைக் கயிறுக்காரர்களும் அதே பெட்டிக்குக் கை நீட்டுவார்கள். (இறாலும் மீனும் குளிர்பெட்டியில் போகும், அது வேறு கணக்கு.)

கிடைக்கிற பெட்டி எல்லாம் நமக்கு ஆகவும் ஆகாது. எங்கள் தூத்துக்குடி ஏஜெண்ட் யார்டில் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். கூரையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம், மழை இறங்கும். அப்புறம் தரைப் பலகையில் குனிந்து மோந்து பார்ப்பார், எண்ணெய் வாடை இருக்கக் கூடாது. தடிமரம் வந்த பெட்டி என்றால் மூலையில் பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கும். கழுவாமல் அனுப்பினால் போகிற நாட்டில் பூச்சி என்று நிறுத்திவிடுவார்கள். "அண்ணாச்சி, இது தேறாது, அடுத்ததைப் பாப்போம்" என்று அவர் போனில் சொல்ல வேண்டுமானால், அடுத்தது ஒன்று அங்கே இருக்க வேண்டுமே! ஓட்டைப் பெட்டி களம்வரை வந்துவிட்டால் போக வர இரண்டு வாடகையும் நம் தலையில்தான்.

கடலுக்குள் இறங்கிவிட்டால் தூத்துக்குடியின் பலவீனம் கொழும்பு. இங்கிருந்து பீடர் என்கிற சின்னக் கப்பலில் போகிற பெட்டி பெரும்பாலும் அங்கேதான் பெரிய தாய்க்கப்பலுக்கு மாறும். 2023 நவம்பரில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பத்து நாளுக்கு மேல் கூடுதல். 2024 தொடக்கத்தில் கொழும்பில் நெரிசல் வேறு. தாய்க்கப்பலைத் தவறவிட்ட பெட்டி அடுத்த கப்பல் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். கொச்சியில் நேரடிக் கப்பலில் இடம் பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை. வளைகுடாவுக்கு என்றால் பேச்சே கிடையாது, கொச்சிதான்.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டமே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அந்த வாரம் அங்கே பெட்டி இருந்தும் புண்ணியமில்லை. அந்த மாதிரி நேரத்துக்காகவே துபாய் ஆர்டர்களைக் கொச்சிக்கு விட்டுவைத்திருக்கிறோம். அவசரத்துக்குப் போய் நின்றால், முன்பின் தெரியாத ஆளுக்கு எந்த ஏஜெண்டும் பெட்டி எடுத்துத் தரமாட்டார்.

திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்சம் துறைமுகம் வந்துவிட்டதே என்று கேட்பவர்களும் உண்டு. 2025 மே மாதம் முறைப்படி திறந்து, ஜூனில் உலகின் மிகப்பெரிய பெட்டிக் கப்பல்களில் ஒன்றான எம்எஸ்சி இரினாவே வந்து நின்ற துறைமுகம். இயற்கையிலேயே ஆழம் உண்டு. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து தூத்துக்குடியை விட அது தூரம். நேராக அங்கே லாரி அனுப்புவதில் எங்களுக்கு லாபமில்லை. தூத்துக்குடி, கொச்சி பீடர்கள் கொழும்புக்குப் பதிலாக அங்கே போய்த் தாய்க்கப்பல் மாறினால்தான் எங்களுக்குப் பயன். அந்த வழியாக நான் இன்னும் ஒரு பெட்டிகூட அனுப்பியதில்லை, அதனால் நல்லதோ கெட்டதோ சொல்லமாட்டேன். விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்கு வந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 2025 மே 25 அன்று 600க்கும் மேற்பட்ட பெட்டிகளோடு மூழ்கியது. பெட்டிகள் கொல்லம் கரையில் ஒதுங்கின. அதற்காக அந்த வழியையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் அனுப்பும் பழக்கம் இருக்கிறவர்கள், எந்தத் துறைமுகமானாலும் அதை முதலில் விடட்டும்.