"போர்டு போயிருச்சுங்க்கா"ன்னு சொல்லி 4,850 ரூபாய் வாங்கிட்டான்: இங்க் டேங்க் பிரிண்டர் வச்சிருக்கவங்க படிங்க

பிரிண்டர் மை பட்டு என் வலது கையில மூணு விரல் இன்னும் கறுப்பா இருக்கு. சோப்பு, தேங்காயெண்ணெய், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு, போகல. மேஜை விரிப்பு போச்சு. அடியில வச்சிருந்த பசங்களோட விடைத்தாள் கட்டுல பாதி போச்சு. எல்லாத்துக்கும் மேல 4,850 ரூபாய் போச்சு. கோபத்துல எழுதுறேன், முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு கடைசியில தனியா எழுதுறேன்.

ஈரோட்டுல வீட்டுல வச்சு பத்தாம் வகுப்புப் பசங்களுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறேன். வாராவாரம் டெஸ்ட். ஜெராக்ஸ் கடைக்கு அலையறதுக்கு நாமளே ஒண்ணு வாங்கிடலாம்னு ரெண்டேகால் வருஷத்துக்கு முன்னாடி ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினேன், ஸ்கேனரோட சேர்ந்தது. குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் உழைச்சுது.

போன மாசம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாடி மாதிரி வினாத்தாள் அடிக்கும்போது பொட்டுன்னு நின்னுது. ரெண்டு சிவப்பு லைட் மாறி மாறி மின்னுது. பேப்பர் சிக்கல. மை நாலு டேங்க்லயும் இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் அதே கூத்து. ஸ்கேன் மட்டுமாவது எடுக்கலாம்னு பார்த்தா அதுவும் வரல. கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல ஏதோ ரெண்டு வரி வந்துச்சு. இங்க் பேடு, ஆயுள் முடிஞ்சுது, சர்வீஸுக்குக் கொண்டு போங்கன்னு. அதை நின்னு ஒழுங்கா படிச்சிருந்தா இன்னைக்கு இந்தப் பதிவே கிடையாது. பதட்டத்துல மூடிட்டேன். திங்கட்கிழமை டெஸ்ட். கம்பெனி சர்வீஸுக்குப் போன் பண்ணினா வாரன்டி முடிஞ்சுது, ஆள் வர நாலு நாள் ஆகும்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல. நமக்குத்தான் அவசரம்.

பிரிண்டரை ஸ்கூட்டர் முன்னாடி நிக்க வச்சு, சரிச்சுப் பிடிச்சு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்துல இருக்கிற ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பேர் சொல்ல மாட்டேன். லேப்டாப், சிசிடிவி, பிரிண்டர் சர்வீஸ், இங்க் ரீஃபில்னு பலகை போட்ட கடைங்க ஊர் முழுக்க இருக்குல்ல, அந்த ரகம்.

உள்ளே போனதும் கடைக்காரத் தம்பி எழுந்து வந்து பிரிண்டரை அவனே வாங்கி, டேபிளைத் துடைச்சு வச்சான். "என்னங்க்கா, டூவீலர்ல இப்படிச் சாய்ச்சா எடுத்துட்டு வந்தீங்க?"ன்னு உரிமையாக் கடிஞ்சுக்கிட்டான். டீ சொன்னான். அட்வான்ஸ் எடுத்து நீட்டினேன், "அதெல்லாம் வேண்டாங்க்கா, முதல்ல என்ன ஏதுன்னு பார்க்கறேன்"ன்னுட்டான். அங்கேயே நான் விழுந்துட்டேன். முன்பணம் வேண்டாங்கிறவன் ஏமாத்த மாட்டான்னு நமக்குள்ள ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அந்தக் கணக்கு. ஊருக்கே கணக்கு சொல்லிக் குடுக்கிறவ நான்.

சாயங்காலம் போன். "அக்கா, போர்டு போயிருச்சுங்க." நேர்ல போனப்ப பச்சைக் கலர்ல ஒரு போர்டை, பிரிண்டரை இயக்குற எலக்ட்ரானிக் அட்டையாம், எடுத்துக் காட்டினான். மூலையில மிளகளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. "வோல்டேஜ் அடிச்சிருக்குங்க, பாருங்க"ன்னான். நானும் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தேன், என்னமோ புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். அது என் பிரிண்டர்லருந்து எடுத்ததுதானான்னு கேட்கத் தோணல. "வேற கடையா இருந்தா புதுசு வாங்கச் சொல்லி உங்க தலையில கட்டியிருப்பாங்க. டீச்சருங்கறதால நான் போர்டு மட்டும் வரவழைச்சுப் போட்டுத் தர்றனுங்க. 5,200 ஆகும், நீங்க 4,850 குடுங்க." 350 ரூபாய் குறைச்சதுக்கு நான் நன்றி வேற சொன்னேன்.

4,850. டியூஷன்ல எட்டுப் பசங்க ஒரு மாசத்துக்குக் குடுக்கிற ஃபீஸ், மேல ஐம்பது ரூபாய். பழைய போர்டு எங்கப்பான்னு பேச்சுவாக்குல கேட்டேன். "அதை ரிட்டர்ன் அனுப்பணுங்க்கா"ன்னான். பில்லுக்கு லெட்டர்பேடு மாதிரி ஒரு துண்டுச் சீட்டுல "சர்வீஸ் 4850"ன்னு எழுதிக் குடுத்தான். கடை முத்திரை இல்ல, தேதிகூட இல்ல. க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணினா கடைப் பேர் வரல, ஏதோ ஒரு பெண் பேர் வந்துச்சு. வீட்டுக்காரம்மாவா இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு அனுப்பிட்டேன்.

இன்னொண்ணு. நான் போய் நின்னப்ப பிரிண்டர் ஒரு லேப்டாப்போட யுஎஸ்பி கேபிள்ல மாட்டியிருந்துச்சு. "புது போர்டுக்கு சாஃப்ட்வேர் ஏத்தறேங்க"ன்னான். வீட்டுக்கு வந்து ப்ளக் மாட்டினேன். எதையும் தொடல, வைஃபை பாஸ்வேர்டு போடல. போன்லருந்து குடுத்ததும் பேப்பர் தானா வந்து விழுந்துச்சு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு. அந்த இடத்துல சந்தேகம் வந்திருக்கணும். வைஃபை பேர், பாஸ்வேர்டு எல்லாம் போர்டுல தானே பதிஞ்சு கிடக்கும்? புது போர்டுக்கு எங்க வீட்டு வைஃபை எப்படித் தெரியும்?

பதினேழு நாள் ஓடுச்சு. முந்தாநாள் காலையில பார்த்தா பிரிண்டருக்கு அடியிலருந்து கன்னங்கரேல்னு ஒரு ஓடை. நகர்த்தலாம்னு தூக்கினேன், கை நனைஞ்சுது. டேங்க் உடைஞ்சிருச்சோன்னு பார்த்தா டேங்க் நாலும் அப்படியே இருக்கு.

தெருமுனையில ஒரு பெரியவர், ஸ்கூல்களுக்கு பிரிண்டர் சர்வீஸ் பண்றவர். கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். பக்கத்துல ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி ஒரு டப்பாவை வெளியே உருவினார். உள்ளே பஞ்சு. மெத்தைக்குள்ள போடுவாங்களே, அந்த மாதிரிப் பஞ்சு. ஊறி, கொழகொழன்னு, தார்ல முக்கி எடுத்த மாதிரி இருந்துச்சு. பேப்பர் விரிச்சு அதுமேல வச்சார், பேப்பரைத் தாண்டி மை வழியுது. "இதுதாம்மா உங்க போர்டு"ன்னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். பிரிண்டர் ஹெட்டை, அதாவது பேப்பர்ல மையைத் தெளிக்கிற பாகத்தை, சுத்தம் பண்ணும்போதெல்லாம் மையை உறிஞ்சித் துப்புது. அந்தக் கழிவு மை ஒரு டியூப் வழியா இந்தப் பஞ்சுல போய்ச் சேருது. கம்ப்யூட்டர்ல இங்க் பேடுன்னு வந்தது இதைத்தான். பஞ்சு எவ்வளவு குடிச்சிருக்குன்னு பிரிண்டர் நேரா அளந்து பார்க்கிறதில்ல. ஒவ்வொரு க்ளீனிங்குக்கும் இவ்வளவுன்னு தானே ஒரு கணக்கு எழுதிட்டே வரும். கணக்கு நிறைஞ்சதும், இனி மை வழியும்னு நின்னுடும். ரெண்டு லைட் மின்னினது அதுக்குத்தான். வேலைன்னு பார்த்தா பஞ்சை மாத்தணும், கணக்கை சைபராக்கணும், அவ்வளவுதான். அந்தக் கடைக்காரன் லேப்டாப்பை மாட்டிக் கணக்கை மட்டும் அழிச்சிருக்கான். அஞ்சு நிமிஷ வேலை. பஞ்சைத் தொடவே இல்ல. பிரிண்டரும் பஞ்சு காலியா இருக்குன்னு நம்பி, நிறைஞ்ச பஞ்சுலயே மேல மேல மையைத் துப்பியிருக்கு.

போர்டு மாத்தலைங்கிறதுக்கும் அவர் அத்தாட்சி காட்டினார். நிலவரத் தாள் (பிரிண்டர் தன்னோட கணக்கைத் தானே அடிச்சுக் குடுக்கிற பக்கம்) ஒண்ணு அடிச்சு எடுத்தார், மொத்தம் அடிச்ச பக்கம் 17,306ன்னு இருந்துச்சு. "புது போர்டுன்னா இந்தக் கணக்கு ஒண்ணுலருந்துல்லம்மா ஆரம்பிச்சிருக்கணும்"னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

என் தப்பும் இதுல இருக்கு, மறைக்கல. வேலை முடிஞ்சதும் கரண்டு மிச்சம்னு சுவர் ஸ்விட்சைத் தட்டிடுவேன். பிரிண்டர்ல இருக்கிற பட்டனை அமுக்கி நிறுத்தினாத்தான் ஹெட் போய் அதோட மூடிமேல உட்காருமாம். அரைகுறையா நின்னா காய்ஞ்சுடும். காய்ஞ்சா எழுத்துல கோடு விழும். கோடு விழுந்தா நான் ஹெட் க்ளீனிங் குடுப்பேன், ஒரே நாள்ல மூணு தடவைகூட. அத்தனையும் பஞ்சுக்குத்தான் போயிருக்கு. அது என் அறியாமை. அதுக்கு 4,850 ரூபாயா?

கடைக்குப் போன் பண்ணினேன். "அக்கா, வேற கால்ல இருக்கேன், பத்து நிமிஷத்துல கூப்பிடறனுங்க." அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியல. மை வழியற போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு, பதில் இல்ல. நேர்ல போனேன். கடையில ஒரு பொண்ணு மட்டும், "அண்ணன் கேமரா மாட்ட சைட்டுக்குப் போயிருக்காருங்க"ன்னுச்சு. அண்ணனோட வண்டி வாசல்லயே நிக்குது.

நேத்து கடை திறக்கும்போதே போய் நின்னுட்டேன். டீ எல்லாம் சொல்லல இந்தத் தடவை. "மை லீக் ஆகறதுக்கும் போர்டுக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்க ஊத்தறப்பச் சிந்தியிருப்பீங்க." பழைய போர்டு எங்கேன்னேன். "அது ஸ்க்ராப்புக்குப் போயிருச்சுங்க." அன்னைக்கு ரிட்டர்ன், இன்னைக்கு ஸ்க்ராப். பக்கக் கணக்குத் தாளைக் காட்டினேன். அதைக் கையில வாங்கக்கூட இல்ல, "வெளி ஆளை விட்டுக் கழட்டிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்லைங்க"ன்னான். கஸ்டமர் ரெண்டு பேர் உள்ளே வந்ததும் குரலை இறக்கி, "சரி விடுங்க்கா, அடுத்த தடவை இங்க் பாட்டில் வாங்கறப்ப 200 ரூபா குறைச்சுக்கறேன்"ன்னான். 4,850 ரூபாயை முழுங்கிட்டு 200 ரூபாய் பிச்சை. அதுவும் அவன்கிட்டயே மை வாங்கினா. வாய்ல வந்ததை எல்லாம் கேட்டுட்டு வந்தேன், அதை இங்க எழுத முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசணும். அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள புகாருக்கு நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் கிடையாது, அதனால விடப் போறதில்ல. ஆனா என் கையில இருக்கிறது தேதியில்லாத ஒரு துண்டுச் சீட்டு, யாரோ ஒரு பெண் பேருக்குப் பணம் போன ஸ்க்ரீன்ஷாட். இவ்வளவுதான் ஆதாரம். முறையான பில் கேட்காம வந்ததை நினைச்சா என்னையே அறையலாம் போல இருக்கு.

கடைசியில எழுதுறேன்னு சொன்னேன்ல. நேரமில்ல, மனசுக்கு வந்ததைச் சொல்லிடறேன். ஸ்க்ரீன்ல என்ன வருதோ முதல்ல போட்டோ எடுத்துக்கோங்க, எத்தனை லைட், எந்த லைட் மின்னுதுன்னு வீடியோவும் எடுங்க. அந்த வாசகத்தை அப்படியே கூகிள்ல போட்டுப் பாருங்க. கடைக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி நிலவரத் தாள் ஒண்ணு அடிச்சு வச்சுக்கோங்க (நின்னு போன பிரிண்டர்ல அடிக்க முடியாது, அதனால இன்னைக்கே அடிங்க). போர்டு மாத்தினேன்னா பழைய போர்டைக் கையில வாங்காம பணம் குடுக்காதீங்க. சில மாடல்ல இந்தக் கழிவு மை டப்பாவை நாமளே கழட்டி மாத்திக்கலாம், புதுசு வாங்கப் போறவங்க அதைக் கேட்டு வாங்குங்க. "ரீசெட் மட்டும் பண்ணினாப் போதும்"னு யூடியூப்ல சொல்றதையும் நம்பாதீங்க, பஞ்சை மாத்தாம ரீசெட் பண்ணினா என் மேஜை கதிதான். சுவர் ஸ்விட்ச் வேண்டாம், பட்டனை அமுக்குங்க. இன்னும் நாலஞ்சு இருந்துச்சு, மறந்துட்டேன்.

பெரியவர் 700 ரூபாய் கேட்டிருக்கார், பஞ்சோட சேர்த்து, கணக்கும் சைபராக்கி. பஞ்சு நாளைக்குத்தான் கோயமுத்தூர்லருந்து வருது. பசங்க வந்து செருப்பைக் கழட்டற சத்தம் கேட்குது. இன்னைக்கு டெஸ்ட் கேள்வியைக் கரும்பலகையில சாக்பீஸ்ல எழுதிப் போடணும். எங்க வீட்டுல 4,850 ரூபாய்க்கு மாத்தாத போர்டு அது ஒண்ணுதான் மிச்சம்.