கல்யாண லைவ் ஆளை நம்பி எங்க கார் ரிவீல் போச்சு

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் காலேஜ் டீம்ல இருக்கவங்க லைவுக்கு அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க.

ஒரு வருஷமா வொர்க்‌ஷாப்லயே கெடந்து கட்டுன எலெக்ட்ரிக் ரேஸ் கார், ஜனவரில கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குல நடக்குற ஃபார்முலா பாரத்துக்கு (காலேஜ் டீமுங்க தாங்களே கட்டுன காரோட மோதுற போட்டி) எடுத்துட்டுப் போகணும், அதுக்கு முன்னாடி ஸ்பான்சருங்க, சிங்கப்பூர்ல இருக்க சீனியருங்க எல்லாம் பாக்கட்டும்னு திருவையாத்துல ஆத்தங்கரை ஓரமா கார் மேல மூடுன துணியை உருவி லைவ்ல காட்ட பிளான். தேதி ஆடிப்பெருக்கு. (அந்தப் புத்திசாலித்தனம் எங்களோடதுதான், ஒத்துக்கறேன்.)

பேசுனது மூணு கேமரா, நாலு சிம் போட்ட பாண்டிங் பாக்ஸ் (நாலு சிம் நெட்டையும் ஒண்ணாச் சேத்து அனுப்புறது), தனியா மெமரி கார்டுல ரெக்கார்டிங், மொத்தம் 28,000. அட்வான்ஸ் 15,000 ஜிபேல போட்டாச்சு. வந்தது ஒரு கேமரா, ஒரு லேப்டாப், ஒரு போன் ஹாட்ஸ்பாட். "அண்ணே, பாக்ஸ் எங்கண்ணே?"ன்னா, "அது வேற ஃபங்ஷன்ல மாட்டிக்கிச்சு தம்பி, ஃபைவ்ஜி இருக்குல்ல, பிச்சுக்கிட்டுப் போகும்"ங்கறாரு. ஆளே இல்லாத ஏழு மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டு அப்லோடு 20 எம்பிபிஎஸ்னு காட்டுனாரு, நாங்களும் மண்டைய ஆட்டிட்டோம். பத்து மணிக்கு ஊரே படித்துறைல மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டு வீடியோ கால்ல நிக்குது, டவர் என்னதான் பண்ணும், ஒண்ணுக்கும் கீழ போயிருச்சு. 1080ல, அதாவது ஃபுல் ஹெச்டில, லைவ் விட அஞ்சாறு எம்பிபிஎஸ் நிலையா நிக்கணும். துணிய உருவுன நிமிஷம் வெளியூர்ல பாத்தவங்களுக்கு வட்டம் மட்டும்தான் சுத்துச்சு. இத்தனைக்கும் எண்பது மீட்டர்ல ஹாஸ்டல் ஃபைபர், லேன் கேபிள் நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும், இழுக்கலாமான்னு கேட்டதுக்கு சிரிச்சாரு.

ஆடிக்காத்து வேற. மைக்குக்கு காத்தைத் தடுக்குற பஞ்சு கூட மாட்டல, கேப்டன் பேசுனது பூரா புர்ர்ர்னு.

இதைவிட வயித்தெரிச்சல், லைவ் எங்க சேனல்லயே வரல. முதல் தடவை லைவ் ஆன் பண்ணா யூடியூப் 24 மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கும், அதுக்குத்தான் ஒரு வாரம் முன்னாடியே கேட்டோம், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்"னுட்டு அன்னைக்கு அவரு சேனல்ல விட்டுட்டாரு, எங்க கார் மேல "வளைகாப்பு, காதுகுத்து ஆர்டர் எடுக்கப்படும்"னு எழுத்து ஓடுது!

சரி கார்டுல இருக்கறதையாவது குடுங்கன்னா ரெக்கார்டே அமுத்தல. அந்த வீடியோவத் தூக்கச் சொன்னா பாக்கி 13,000 வந்தாதான் தூக்குவேன்னு தெனம் போன் பண்றாரு. இப்ப ஸ்பான்சருக்கு அனுப்பி வச்சிருக்கறது கேன்டீன் அக்கா போன்ல நெட்டுக்குத்தா புடிச்ச ரெண்டு நிமிஷம்தான், அதுல கேப்டன் குரலாவது கேக்குது.