எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பழைய காரை விடுமுன்

ஸ்பார்க் உண்டாக்கக் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட், அதோடு சேர்ந்த கண்டென்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, அதே வேலையை எலக்ட்ரானிக் மாட்யூலால் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டித் தருவதாகச் சொல்லி ஒரு மெக்கானிக் என்னிடம் நன்றாகப் பணம் கறந்துவிட்டார். பழைய கார் வைத்திருக்கும் வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வண்டி அருமையாகத்தான் ஓடியது. அப்புறம் எஞ்சின் நன்றாகச் சூடானதும் திடீரென்று அணைய ஆரம்பித்தது. ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. "மாட்யூல் போயிடுச்சு சார்" என்று புதிது மாட்டினார். அதுவும் அதே மாதிரி செத்தது. அடுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் மேல் பழி. அதைப் பிரித்துச் சுத்தம் செய்ததற்குத் தனிக் கூலி. வண்டி அணைந்த நேரத்தில் பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று அந்த மனிதர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஸ்பார்க்தான் வரவில்லை என்று தெரிந்திருக்கும், கார்புரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை.

கோளாறு, பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் காயிலில் இருந்தது. "பவர் அதிகம்" என்று சொல்லி மாட்யூலோடு அவரே என் தலையில் கட்டிய காயில். அதன் பிரைமரியின், அதாவது மாட்யூல் வழியாகக் கரண்ட் ஓடும் சுற்றின், மின்தடை 0.6 ஓம். மாட்யூலுடன் வரும் தாளிலோ குறைந்தது 3 ஓம் காயில் வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அந்தத் தாளை அவர் எனக்குத் தரவே இல்லை. வேறொரு மெக்கானிக் புதுப் பெட்டியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். 0.6 ஆல் வகுத்தால் 20! கரண்ட்டைத் தானே கட்டுப்படுத்தும் வசதி இல்லாத சின்ன மாட்யூல் அந்தச் சூட்டை எப்படித் தாங்கும்?

இதை அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை அணைத்து, காயிலின் இரண்டு சின்ன முனைகளிலிருந்தும் ஒயர்களைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். மீட்டர் ஒயர்களின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடவைக்கும்போது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன எண்ணில் அது பெரிய வித்தியாசம். மாட்யூல் மாட்டுவதற்கு முன்பே, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனிலேயே விட்டுவைக்கவும் கூடாது, அதுவும் இந்த வகை மாட்யூலைச் சுட்டுவிடும்.

கழற்றிய பழைய பிளேட்டைப் பாயின்ட், கண்டென்சரோடு அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். வழியில் மாட்யூல் போனால் அதை மாட்டித்தான் வீடு வந்து சேர முடியும். 3 ஓம் காயில் போட்ட பிறகு என் கார் சூட்டிலும் நிற்காமல் ஓடுகிறது. என் பழைய பிளேட் மட்டும் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது, போன் செய்தால் எடுப்பதில்லை.